மைசூர் மைதானத்தில் மோசம் போனது யார்?

மாலை 6 மணிக்கு மேல் தேவராஜ மொஹல்லாவில் வேகமாக நடக்க முடியாது. சின்ன கடியாரத்தைச் சுற்றி ஆட்டோக்கள். தேவராஜ மார்க்கெட் வாசலில் மல்லிகைக்கும் வெற்றிலைக்கும் பேரம் பேசும் கூட்டம். தேவராஜ அர்ஸ் ரோட்டில் துணிமணி எடுக்க வந்த குடும்பங்கள். இந்த நெரிசலிலும் கடை கட்டும் நேரத்தில் டீக்கடை ஓரம் நாலு பேர் சேர்ந்துவிட்டால் பேச்சு பந்து விளையாட்டுக்குத்தான் போகும். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் சண்டை பிடித்து, மறுபடி தமிழில் சமாதானமாகும் பேச்சு அது.

இளவட்டங்கள் கால்பந்துக் கட்சி. ராத்திரி கண் விழித்து ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு கடைக்கு வருகிறவர்கள். மூத்தவர்கள் கிரிக்கெட் கட்சி. மைசூரில் பிறந்த சந்திரசேகரையும் ஸ்ரீநாத்தையும் சொந்தத் தம்பிகளைப் போலப் பேசுவார்கள்.

இரண்டு கட்சிக்கும் பொதுவான சொல் ஒன்று உண்டு. "மோசா." கன்னடத்தில் ஏமாற்று என்று பொருள். நாமும் "மோசம் போனேன்" என்று சொல்கிறோம் அல்லவா, அதேதான். தோற்ற கட்சிக்காரர் "மோசா பண்ணிட்டாங்க" என்று சொல்லாத நாள் கிடையாது.

ஆனால் மோசம் என்பது என்ன? அங்கேதான் சண்டை.

2023 மார்ச் 3-ந் தேதி பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். பெங்களூர் அணியும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியும் மோதிய நாக்-அவுட் ஆட்டம். கூடுதல் நேரத்தில் கிடைத்த பிரீ கிக்கை, கேரள ஆட்டக்காரர்கள் தடுப்பு அமைக்கும் முன்பே சுனில் சேத்ரி கோலுக்குள் தட்டிவிட்டார். நடுவர் கோல் கொடுத்தார். கேரள அணியின் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் கொதித்துப்போய்த் தன் ஆட்டக்காரர்களை மைதானத்தைவிட்டே அழைத்துக்கொண்டு போய்விட்டார். கிளப்புக்கு ரூ.4 கோடி அபராதம், அவருக்கு 10 ஆட்டங்கள் தடை. நடுவர் கொடுத்த கோல் கோல்தான் என்று பெங்களூர் கட்சி. "சட்டப்படி சரி, மனசாட்சிப்படி மோசா" என்று மலையாளிகள் கட்சி. வெளிநடப்பு செய்த பயிற்சியாளரோ அவர்களுக்கு முன்னைவிடப் பெரிய கதாநாயகன் ஆகிவிட்டார்!

கால்பந்துக் கட்சி இதைப் பேசி முடிக்கும்போது, மூத்தவர்களில் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பிப்பார். "தம்பி, உங்களுக்காவது கோல் விழுந்ததைக் கண்ணால பார்த்தோம்னு இருக்கு. நாங்க பார்த்தது ஆட்டமா, நாடகமான்னே இன்னும் தெரியலையே."

அவர் சொல்வது 2019 ஆகஸ்டு 31-ந் தேதி ராத்திரியை.

இறுதி ஆட்டம்

அன்று மைசூர் மானசகங்கோத்ரியில் உள்ள ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் மைதானத்தில் கர்நாடக பிரிமீயர் லீக் இறுதி ஆட்டம். ஹூப்ளி டைகர்ஸ் அணியும் பெல்லாரி டஸ்கர்ஸ் அணியும் மோதின. பெல்லாரி 8 ரன்னில் தோற்றது. நல்ல ஆட்டம், கடைசி வரை இழுபறி என்று பேசிக்கொண்டே ஜனங்கள் வீடு திரும்பினார்கள்.

மூன்று வாரம் கழித்து செய்திகள் வர ஆரம்பித்தன. முதலில் பெலகாவி அணியின் உரிமையாளர் சூதாட்டக் குற்றச்சாட்டில் கைதானார். அக்டோபரில் பெங்களூர் பிளாஸ்டர்ஸ் அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் வினு பிரசாத்தையும் ஒரு பேட்ஸ்மேனையும் மத்திய குற்றப்பிரிவு போலீசார் கைது செய்தார்கள். 2018 தொடரில் மெதுவாக ஆடுவதற்குப் பணம் கைமாறியது என்பது புகார். நவம்பரில் பெல்லாரி கேப்டன் சி.எம்.கவுதமும் அப்ரார் காஜியும் கைதானார்கள். மைசூர் இறுதி ஆட்டத்தில் மெதுவாக ஆட ரூ.20 லட்சம் பேசப்பட்டது என்று போலீசார் கூறினார்கள். டிசம்பரில் பெலகாவி அணியின் பயிற்சியாளரும், மாநில கிரிக்கெட் சங்க நிர்வாகக் குழு உறுப்பினருமான சுதீந்திர ஷிண்டே கைதானார்.

இவையெல்லாம் போலீஸ் தரப்பு சொன்னவை. கோர்ட்டில் நிரூபிக்கப்பட்டவை அல்ல. இதை மறந்துவிட்டுப் பேசுகிறவர்கள் டீக்கடையில் மட்டும் அல்ல, எல்லா இடத்திலும் இருக்கிறார்கள்.

கவுதம் சாதாரண ஆட்டக்காரர் அல்ல. கர்நாடகம் ரஞ்சிக் கோப்பை வென்ற காலத்தில் விக்கெட் கீப்பராக நின்றவர். கைதான நேரத்தில் கோவா மாநிலத்துக்கு ஆட ஒப்பந்தமாகி இருந்தார். அந்த ஒப்பந்தம் ரத்தானது. மிசோரம் அணிக்குப் போயிருந்த காஜிக்கும் அதே கதி.

420 ஆகாத மோசடி

வழக்கு கர்நாடக ஐகோர்ட்டுக்குப் போனது. போலீசார் போட்டிருந்த முக்கியப் பிரிவு, இந்திய தண்டனைச் சட்டம் 420. ஊரில் ஏமாற்றுப் பேர்வழியை "420 பயல்" என்று திட்டுகிறோமே, அந்த 420 தான். (2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 318 ஆகிவிட்டது. "318 பயல்" என்று யாரும் திட்டக் காணோம்!)

2022 ஜனவரி 10-ந் தேதி நீதிபதி ஸ்ரீனிவாஸ் ஹரிஷ்குமார் தீர்ப்புச் சொன்னார். ஆட்டத்தை முன்கூட்டியே பேசி முடிவு செய்தால், ரசிகர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்ற பொதுவான எண்ணம் வரும், அது உண்மை. ஆனால் அந்த எண்ணத்தால் மட்டும் குற்றம் உண்டாகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். மோசடிப் பிரிவு பொருந்த வேண்டுமானால், ஒருவரை ஆசை காட்டி ஏமாற்றி அவருடைய பொருளைக் கொடுக்க வைத்திருக்க வேண்டும். ரசிகர் டிக்கெட் வாங்குவது தன் விருப்பத்தால். யாரும் அவரைத் தூண்டி வாங்க வைக்கவில்லை. ஆட்டக்காரரின் நேர்மைக்கேட்டுக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுக்க இந்தியக் கிரிக்கெட் வாரியம் இருக்கிறது. இப்படிச் சொல்லி வழக்கை ரத்து செய்தார்.

சட்டம் படித்தவர்களுக்கு இது நேரான வாதம். டீக்கடைக்கு அப்படி இல்லை. "மார்க்கெட்ல போலிச் சந்தன எண்ணெய் வித்தா கேஸ் போடலாம். போலி ஜரிகைக்குக் கேஸ் போடலாம். போலி ஆட்டத்துக்குப் போட முடியாதா, அண்ணே?" என்று ஒரு ஜவுளிக்கடைப் பையன் கேட்டால், அங்கே பதில் சொல்ல ஆள் கிடையாது.

மாநில அரசு இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. ஐகோர்ட்டு செய்தது சட்டக் கேள்விக்கு விடை சொன்னது மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். பணம் வாங்கினார்களா இல்லையா, அந்த ராத்திரி மட்டை வேண்டுமென்றே மெதுவாக வீசப்பட்டதா என்ற கேள்விக்குள் அது போகவில்லை. சாட்சி விசாரணை வரை வழக்கு போகவே இல்லை. அதனால் பார்த்தவனுக்கும் உண்மை தெரியவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் "இவர் செய்யவில்லை" என்று ஒரு வரி கிடைக்கவில்லை. செய்யாத ஒருவர் அதில் இருந்திருந்தால், அவருடைய பெயரை யார் துடைப்பது?

கபிலின் கண்ணீர்

பெயர் கெடுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு மூத்தவர்கள் காட்டும் ஆள் கபில்தேவ். 2000-ல் இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்தார். 1994 இலங்கைப் பயணத்தில் மோசமாக ஆட ரூ.25 லட்சம் தருவதாகக் கபில் தன்னிடம் சொன்னார் என்று பழைய சகா மனோஜ் பிரபாகர் குற்றம் சாட்டினார். உலகக் கோப்பையைத் தூக்கிய அந்த மனிதர் டெலிவிஷன் பேட்டியில் குலுங்கி அழுததை இந்தியா முழுவதும் பார்த்தது. செப்டம்பரில் பயிற்சியாளர் பதவியை விட்டார். சில வாரங்களில் வந்த சி.பி.ஐ. அறிக்கை, அவருக்கு எதிராக நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது. கடைசியில் 5 ஆண்டு தடை பெற்றவர் குற்றம் சாட்டிய பிரபாகர்!

கபிலுக்கு அந்த அறிக்கை வந்தது. 1983 இருந்தது. ஜனங்கள் மன்னித்தார்கள் என்பதைவிட, சந்தேகப்பட்டதற்கு வெட்கப்பட்டார்கள் என்று சொல்லலாம். மாநில லீக் ஆடிப் பிழைக்கும் ஆட்டக்காரருக்கோ, மாவட்டப் பையன்களுக்குப் பந்து வீசச் சொல்லிக் கொடுக்கும் பயிற்சியாளருக்கோ அப்படி ஒரு முதலீடு கையில் இல்லை.

கால்பந்து மட்டும் யோக்கியமா?

இந்த இடத்தில் கால்பந்துக் கட்சி கொஞ்சம் அடங்கிவிடும். ஏனென்றால் அவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் பயிற்சியாளர்களின் கதையும் சுத்தம் இல்லை.

இத்தாலியின் அந்தோனியோ கோன்தே 2011-ல் சியெனா என்ற அணியின் பயிற்சியாளர். அந்த அணியின் இரண்டு ஆட்டங்கள் பேசி முடிக்கப்பட்டது தெரிந்தும் புகார் செய்யவில்லை என்று 2012-ல் அவருக்கு 10 மாதத் தடை விழுந்தது. தனக்கு ஒன்றும் தெரியாது என்று கடைசி வரை சொன்னார். அப்பீலில் தடை 4 மாதமாகக் குறைந்தது. தடைக் காலத்தில் அவர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க, அவருடைய ஜுவெண்டஸ் அணி அந்த வருடமும் பட்டம் வென்றது. 2016 மே மாதம் கிரெமோனா கோர்ட்டு அவரை விடுதலை செய்தது.

மைசூர் வழக்கோடு இதை ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் புரியும். இத்தாலியில் விளையாட்டு மோசடிக்கு 1989 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. அதனால் வழக்கு நடந்தது, விசாரணை நடந்தது, விடுதலை என்று தீர்ப்பும் வந்தது. கோன்தே அதற்குப் பிறகு செல்சி, இன்டர் மிலான், 2025-ல் நாப்போலி என்று பல இடங்களில் பட்டம் வென்றார். இன்றைக்கு அவருடைய தடையைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? "ஜெயிக்கிறவனுக்கு எல்லாம் மறந்துபோகும், பெரியவரே" என்று இளவட்டங்களே ஒப்புக்கொள்வார்கள்.

ஒப்புக்கொண்டு பெயரைக் காப்பாற்றியவரும் உண்டு. 2019 ஜனவரியில் லீட்ஸ் அணி அனுப்பிய ஆள், டெர்பி அணியின் பயிற்சியை வேலிக்கு வெளியே நின்று உளவு பார்த்துப் பிடிபட்டார். லீட்ஸ் பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா மழுப்பவில்லை. நான்தான் அனுப்பினேன் என்றார். 2 லட்சம் பவுண்டு அபராதத்தைத் தன் பையிலிருந்து கட்டினார். அதே ஆண்டு ஏப்ரலில், எதிரணி வீரர் அடிபட்டுக் கிடந்தபோது தன் ஆட்கள் கோல் போட்டுவிட்டார்கள் என்பதற்காக, பதிலுக்கு எதிரணி ஒரு கோல் போட வழிவிடச் சொன்னார். உளவு பார்த்த அதே ஆண்டில் நேர்மைக்கான பீபா விருது!

கனடா பெண்கள் அணியின் பயிற்சியாளர் பெவ் பிரீஸ்ட்மேனுக்கு அந்த யோகம் இல்லை. டோக்கியோவில் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நியூசிலாந்தின் பயிற்சிக்கு மேல் டிரோன் பறந்தது. அவருக்கு ஓர் ஆண்டு தடை. அணிக்கு 6 புள்ளிகள் வெட்டு. ஓடி வியர்த்த பெண்கள் மூன்று ஆட்டங்களையும் ஜெயித்துத்தான் கால் இறுதிக்குப் போக முடிந்தது. பயிற்சியாளர் செய்ததற்கு ஆட்டக்காரிகள் வட்டி கட்டினார்கள்.

பக்கத்து நாட்டில்

மைசூர் ஆட்டத்துக்காகக் கைதுகள் நடந்த அதே 2019 நவம்பரில், இலங்கைப் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஆட்டத்தைப் பேசி முடித்தால் 10 ஆண்டு வரை சிறை. நம் சட்ட கமிஷன் 2018-லேயே, ஆட்டத்தை விலை பேசுவதைத் தனிக் குற்றமாக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. 2013-ல் ஒரு மசோதாவின் நகலும் தயாரானது. அது சட்டமாகவில்லை. சட்டம் இருந்திருந்தால் கைதானவர்கள் எல்லாரும் தண்டனை பெற்றிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கோன்தேயைப் போலச் சிலர் விடுதலையாகியும் வந்திருக்கலாம். அதுவும் ஒரு பதில்தானே?

கர்நாடக பிரிமீயர் லீக் என்ற பெயரில் 2019-க்குப் பிறகு போட்டி நடக்கவில்லை. 2022 ஆகஸ்டில் மகாராஜா டிராபி என்ற புதுப் பெயரில், அதே உடையார் மைதானத்தில் தொடங்கியது. 2024-ல் மைசூர் வாரியர்ஸ் பட்டம் வென்றபோது சின்ன கடியாரத்தடியில் கால்பந்துக் கட்சியும் சேர்ந்துதான் கை தட்டியது.

ஆனாலும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. டீக்கடை டெலிவிஷனில் ஆட்டம் ஓடும். யாரோ ஒரு சின்னப் பையன், இருபது வயதுகூட இருக்காது, நல்ல பந்துவீச்சுக்கு எதிரே தடுமாறி இரண்டு ஓவர் ரன் எடுக்காமல் மட்டையை நீட்டிக்கொண்டிருப்பான். பின்னால் இருந்து ஒரு குரல் வரும்: "எஷ்டு தகொண்டா?" எவ்வளவு வாங்கினான் என்று அர்த்தம். எல்லாரும் சிரிப்பார்கள். பந்து வீசியவனைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள்.