குதிரைப் பாதையில் துவிச்சக்கர வண்டி

இங்கிலாந்தின் தென்பகுதியிலே சுண்ணக்கற் குன்றுகள் அலையலையாய்க் கிடக்கின்றன. அவற்றின் முகட்டை ஒட்டி, வின்செஸ்டரிலிருந்து கடலோர ஈஸ்ட்போர்ன் வரை, ஏறக்குறைய 100 மைல் செல்கிறது சவுத் டவுன்ஸ் வழி. மலைத் துவிச்சக்கர வண்டிகள் அங்கு விரைகின்றன. இவ்வுரிமை எங்ஙனம் வந்தது?

அந்நாட்டு நாட்டுப்புறப் பாதைகளுட் பெரும்பாலானவை நடப்போருக்கே உரியன. குதிரைப் பாதைகளில் துவிச்சக்கர வண்டியும் செல்லலாமென 1968ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. தடித்த சில்லு பூண்ட மலைவண்டி அப்பொழுது சந்தைக்கே வரவில்லை. சாதாரண வண்டிக்கு ஈந்த உரிமை பின்னாளில் அதற்கும் வாய்த்தது. வண்டியோட்டி நடப்பவருக்கும் குதிரையேறி வருபவருக்கும் வழிவிடல் வேண்டும். வண்டிக்கேற்பப் பாதையைச் செப்பனிடும் கடமையோ எவருக்கும் இல்லை. மழையில் சுண்ணக்கல் சவர்க்காரம்போல் வழுக்கும். சேற்றிற் பதிந்த குளம்படிகள் கோடையில் இறுகிச் சில்லை உலுக்கும். சட்டம் தந்தது அனுமதியே, வசதியன்று.

அனுமதிக்கும் எல்லையுண்டு. அல்பிரிஸ்டன் கிராமத்தருகே வழி இரண்டாகப் பிரிகிறது. செவன் சிஸ்டர்ஸ் எனும் வெண்பாறைகளின் ஓரமாய்க் கடலழகைக் காட்டும் கிளை, நடப்போருக்கு மாத்திரமே. வண்டியும் குதிரையும் உட்புறமாய் ஜெவிங்டன் ஊடாகவே செல்கின்றன.