கேஷைப் பெருசாக்கினா வேகம் கூடுமா? ஜெம்5 சொல்றதை எப்போ நம்பலாம்?

இன்னிக்கு எபிசோட்ல ஜெம்5. இன்னும் தயாரிக்கவே செய்யாத ஒரு ப்ராசசர் எப்படி ஓடும்னு நம்ம கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பார்க்க உதவுற ஓப்பன் சோர்ஸ் சிமுலேட்டர் இது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தோட எம்5, விஸ்கான்சினோட ஜெம்ஸ், இந்த ரெண்டும் சேர்ந்து உருவானது. சிபியு, கேஷ், மெமரி எல்லாத்தையும் நாமதான் பைத்தான்ல எழுதிக் கோர்க்கணும்.

சிக்கல் என்னன்னா, நீங்க என்ன நம்பரைக் கொடுத்தாலும் பெரும்பாலும் ஜெம்5 மறுபேச்சு பேசாது. ஓடும், ரிசல்ட்டும் தரும். அதை நம்பி நாம ப்ராஜெக்ட்ல கிராஃப் போடுவோம். அதனால ஓட்டுறதுக்கு முன்னாடி பேப்பர்ல ஒரு கணக்கு போட்டுடுங்க.

எல்1 டேட்டா கேஷ் 64 கேபின்னு வெச்சுக்கோங்க. ஒரு லைன் 64 பைட், ஆக 1,024 லைன். 128 கேபி அர்ரே ஒண்ணை, எண் எண்ணா, திரும்பத் திரும்பப் படிக்கிறோம். ஒரு எண் 4 பைட்னா, ஒரு லைன்ல 16 எண். அர்ரே கேஷை விட ரெண்டு மடங்கு பெருசு. ரொம்ப நாளா தொடாத லைனைத்தான் கேஷ் முதல்ல வெளியே தள்ளும். அதனால நாம மறுபடி ஆரம்பத்துக்கு வரும்போது அந்த லைன் உள்ளே இருக்காது. ஒவ்வொரு லைன்லயும் முதல் எண் மிஸ், மீதி 15 ஹிட். மிஸ் ரேட் 6.25 சதவீதம். கேஷை 256 கேபி ஆக்கினா, முதல் சுத்துக்கு அப்புறம் கிட்டத்தட்ட பூஜ்யம்.

இப்போ ஓட்டிட்டு ஸ்டாட்ஸ் ஃபைலைத் திறங்க. மிஸ் ரேட் இதுக்குப் பக்கத்துல வரணும். வரலைன்னா கேஷ் சரியா கனெக்ட் ஆயிருக்கான்னு கான்ஃபிக் ஃபைல்ல பாருங்க.

மிஸ் ரேட் குறைஞ்சது, ஆனா ஓடின நேரம் மாறவே இல்லையா? அப்போ நீங்க அட்டாமிக் சிபியு-ல ஓட்டுறீங்க. அது ஹிட், மிஸ் எல்லாம் எண்ணும். ஆனா மெமரிக்காகக் காத்திருந்த நேரத்தை, நாமளா சொன்னாலொழிய, கணக்குல சேர்க்காது. டைமிங் சிபியு-வுக்கு மாறுங்க, மெமரி மோடையும் டைமிங்னு வைங்க.

நேரமும் குறைஞ்சிடுச்சா? உடனே சந்தோஷப்படாதீங்க. கேஷ் சைஸை மாத்தினா லேட்டன்சி தானா மாறாது. 64 கேபி-க்கு 2 சைக்கிள் கொடுத்திருந்தா, 256 கேபி-க்கும் அதே 2 சைக்கிள்தான். நிஜ சிப்ல பெரிய கேஷ் மெதுவாத்தான் பதில் சொல்லும். அந்த விலையைக் கட்டாம கிடைச்ச வேகம் வெறும் பேப்பர் வேகம். சைஸுக்கு ஏத்த லேட்டன்சியை ஹெச்பி லேப்ஸோட காக்டி மாதிரி டூல்ல கணக்கிட்டு, நீங்களே போடணும்.

அதுக்கப்புறமும் வேகம் கூடுதா? அந்த கிராஃபைத் தைரியமா காட்டுங்க. அடுத்த எபிசோட்ல டிராம் பக்கம் போவோம்!