உங்களுக்குத் தெரியுமா? பல்லுக்குள் சுண்ணாம்பு!

● புனேயின் கோந்த்வா பகுதியில், என்.ஐ.பி.எம். சாலையில் ரூட் கெனால் செய்துகொண்டவரை, "மருந்து வைத்து மூடியிருக்கிறேன், அடுத்த வாரம் வாருங்கள்" என்று டாக்டர் அனுப்பினால், உள்ளே பெரும்பாலும் இருப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்புதான், சுத்தமான வடிவில். (அதற்காக டப்பாச் சுண்ணாம்பை ஈறில் தடவிவிடாதீர்கள், வெந்துவிடும்!)

● இதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ஹெர்மன், 1920இல். அதே ஆண்டில்தான் கல்கத்தாவில் ஆர். அகமது இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார்.

● இந்த மருந்தின் பி.எச். சுமார் 12.5. பெரும்பாலான கிருமிகள் இந்தக் காரத்தில் பிழைக்காது. ஆனால் அவற்றை ஒழிக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், 'அடுத்த வாரம்' என்பது அதனால்தான். என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் மட்டும் விடாக்கண்டன். புரோட்டான்களைத் தன் உடலுக்குள் இறைத்துக் காரத்தைத் தணித்துக்கொண்டு தப்பிவிடும்.

● நரம்பையே எடுத்தாயிற்று, பிறகும் ஏன் வலி? வலிப்பது வேர் நுனியைச் சுற்றியுள்ள திசு. அதன் நரம்புகளை யாரும் எடுக்கவில்லை. சுத்தம் செய்யும்போது கருவியும் திரவமும் தள்ளப்பட்ட துகள்களும் அதைச் சீண்டிவிடுகின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்த 2011ஆம் ஆண்டு அலசலில், முதல் 24 மணி நேரத்தில் சுமார் 40 சதவீதத்தினருக்கு வலி. ஒரு வாரத்தில் அது 11 சதவீதமாகக் குறைந்தது. சுண்ணாம்பு மருந்து கிருமிக்குத்தான் எமன். வலியை அடக்கும் என்று அதை நம்பியிருக்க வேண்டாம்.

● வலியைக் குறைக்கவென்றே ஸ்டீராய்டு கலந்த பசையும் உண்டு. லெடர்மிக்ஸ், சுவிட்சர்லாந்தில் 1960இல் பிறந்தது. அதிலுள்ள ஆன்டிபயாட்டிக் பல்லின் நிறத்தை மங்கவைக்கலாம் என்பதால் முன்பல்லில் கவனம் தேவை.

● இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்தால், தனித்தனியாக எடுப்பதைவிட நன்றாகக் கேட்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இபுப்ரோஃபெனைத் தொடக்கூடாது. டெங்கு சந்தேகம் இருந்தாலும் அப்படியே.

● வெறும் வலிக்கு ஆன்டிபயாட்டிக் எதற்கு? அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இலேயே பெரும்பாலான பல்வலிக்கு அது வேண்டாம் என்றது. நம் மருந்துக்கடைகளுக்கு இன்னும் செய்தி போய்ச்சேரவில்லை போலும். ஆனால் முகம் வீங்கி, காய்ச்சல் கண்டு, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனால் காலை வரை காத்திருக்காதீர்கள்.

● தற்காலிக அடைப்பில் ஒருவகை, எச்சிலின் ஈரம் பட்டே இறுகும். முதல் ஒரு மணி நேரமாவது அந்தப் பக்கம் மெல்லவேண்டாம். பெயர்ந்து விழுந்தால் மருந்து கரைந்துவிடும், கிருமி உள்ளே புகும். காத்ரஜ்-கோந்த்வா சாலை எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் அன்றே கிளம்பிவிடுங்கள்.