கழுத்துத் துணி சொல்லும் சேதி!

குட்டீஸ்... சாரணர்கள் கழுத்தில் கட்டும் ஸ்கார்ப், வெறும் அழகுக்கு என்றா நினைக்கிறீர்கள்?

1907ல், இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், முதல் முகாமை நடத்தினார் பேடன் பவல். வசதியான பள்ளி மாணவர்களும், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கலந்து கொண்டனர். தோளில் குத்திய வண்ண நாடா, ஒருவன் எந்த அணி என்று காட்டியது. ஏழையா, பணக்காரனா என்று காட்டவில்லை!

பின்னர் வந்த சீருடையின் முக்கோண ஸ்கார்ப், அடிபட்ட கைக்குத் தொட்டில் கட்டு போட உதவும். அன்று செய்ய வேண்டிய நற்செயலை நினைவில் வைக்க, கழுத்துத் துணியில் முடிச்சுப் போடும்படி, 1908ல் எழுதினார் பேடன் பவல்.

சீருடையைப் பார்த்ததுமே, 'இந்தப் பிள்ளை உதவும்' என ஊர் நம்பும். அதே உடையில் ஒருவன் பஸ்சில் முண்டியடித்து இடம் பிடித்தால், 'சாரணர்களே இப்படித்தான்' என, எல்லாரையும் திட்டும்.

எனவே, சட்டைக்கு இஸ்திரி போட்டால் மட்டும் போதாது; அதை அணிந்து நீங்கள் நடந்து கொள்ளும் விதம் தான் பெருமை, குட்டீஸ்!