பனிமலைக்கு முதற்பயணம்: பிள்ளையின் பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

சுவிட்சர்லாந்தில் பள்ளிப் பிள்ளைகளின் பனிச்சறுக்கு முகாமை 'ஸ்கிலாகர்' என்கிறார்கள். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் ஒரு வாரம், ஆசிரியர்களோடு மாணவர்கள் மலையூருக்குப் போய், பொது விடுதியில் தங்கிப் பனிச்சறுக்குப் பழகுகிறார்கள். இரண்டாம் உலகப்போரின்போது நிலக்கரித் தட்டுப்பாட்டால் கடுங்குளிர் நாட்களில் பள்ளிகளை மூடினார்கள். அந்த விடுமுறைதான் நாளடைவில் பிப்ரவரி மாத விளையாட்டு விடுமுறையாக வளர்ந்தது. தேசிய அளவில் பிள்ளைகளுக்கு நடக்கும் 'யுஸ்கிலா' முகாம் 1941இல் தொடங்கியது. 1972 முதல் 'யூகெண்ட் உண்ட் ஸ்போர்ட்' என்ற அரசுத் திட்டம் இளையோரின் விளையாட்டுக்கும் முகாம்களுக்கும் நிதியும் பயிற்சி பெற்ற வழிநடத்துநர்களும் கிடைக்க உதவுகிறது.

1980களிலிருந்து இலங்கையின் வடக்கு, கிழக்கிலிருந்து வந்து இந்நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இந்த முகாமுக்குப் போகிறார்கள். அவர்களில் பலருடைய பெற்றோர் பனிச்சறுக்குப் பலகையைக் காலில் மாட்டியதே இல்லை. பள்ளி ஒரு பட்டியல் தருகிறது. எதை வாங்க வேண்டும் என்பது அதில் இருக்கும்; ஏன் என்பது இருக்காது. காரணம் புரிந்துவிட்டால் கடையில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதை இரவல் வாங்கலாம், எதை விட்டுவிடலாம் என்பதும் தெளிவாகிவிடும்.

குளிரைவிட ஈரமே பகை

மலையில் உயரம் ஏற ஏறக் குளிர் கூடும். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் உள்ள சூரிச்சில் வெப்பநிலை 2 டிகிரி என்றால், 2,000 மீட்டர் உயரச் சரிவில் அது −8 டிகிரிக்கு இறங்கியிருக்கலாம். அதனோடு காற்றும் சேரும். −10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், உடல் உணரும் குளிர் ஏறத்தாழ −20 டிகிரி.

இந்தக் குளிரைத் தாங்க உடையால் முடியும், அது உலர்ந்திருக்கும் வரை. உடையின் இழைகளுக்கு இடையே தங்கும் காற்றுதான் உடலின் வெப்பத்தைக் காக்கிறது. அந்த இடத்தில் நீர் புகுந்துவிட்டால் காவல் போய்விடும். காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். எடையோடு ஒப்பிட்டால் சிறுவர்களின் உடற்பரப்பு பெரியவர்களுடையதைவிட அதிகம் என்பதால், அவர்கள் விரைவில் குளிர்ந்துபோவார்கள்.

முதல் தடவை பழகும் பிள்ளைக்கு ஈரம் இரண்டு வழியில் வரும். அடிக்கடி விழுந்து பனியில் உட்கார்வதால் வெளியிலிருந்து ஒன்று. விழுந்து எழுந்து சரிவில் மேலேறும்போது கொட்டும் வியர்வையால் உள்ளிருந்து மற்றொன்று. வியர்த்த உடம்போடு இழுவை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் சில நிமிடங்களில்தான் நடுக்கம் தொடங்கும். இந்த இரண்டு ஈரத்தையும் தடுப்பதே பையில் வைக்கும் ஒவ்வொரு துணிக்கும் உள்ள வேலை.

மூன்று அடுக்கு உடை

தடித்த ஒரே மேலங்கியைவிட, மெல்லிய மூன்று அடுக்குகள் நல்லவை. வெயில் ஏறினால் ஒன்றைக் கழற்றலாம், காற்று வீசினால் மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.

தோலை ஒட்டிய முதல் அடுக்கு வியர்வையை வெளியே கடத்த வேண்டும். முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் மெரினோ கம்பளியிலோ பாலியெஸ்டரிலோ இருக்கட்டும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உறிஞ்சினாலும் நனைந்ததுபோல் உடம்பில் ஒட்டாது; நாற்றமும் எளிதில் பிடிக்காது. பாலியெஸ்டர் மலிவு, சீக்கிரம் காயும். பருத்தி மட்டும் கூடாது. வெப்ப நாட்டில் உடம்புக்கு இதம் தரும் பருத்தி பனியன், வியர்வையைக் குடித்துத் தோலோடு ஒட்டிக்கொண்டு நாள் முழுவதும் காயாமல் கிடக்கும். ஜீன்ஸும் அப்படித்தான். ஐந்து நாள் முகாமுக்கு முதலடுக்கு இரண்டு அல்லது மூன்று சோடி போதும்.

இரண்டாம் அடுக்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது. ஃப்ளீஸ் துணியில் ஒரு மேற்சட்டையும், நனைந்தால் மாற்ற இன்னொன்றும் வேண்டும். கழுத்துவரை ஜிப் உள்ளது வசதி.

மூன்றாவது, வெளியடுக்கு. நீர் புகாத ஜாக்கெட் ஒன்று, காற்சட்டை ஒன்று. துணியின் நீர் தாங்கும் திறனை மில்லிமீட்டரில் குறிப்பார்கள். பனியில் உருளும் பிள்ளைக்கு 10,000 மில்லிமீட்டர் அளவு ஏற்றது. ஜாக்கெட்டின் உள்ளே இடுப்பைச் சுற்றி ஒரு பட்டியும், காற்சட்டையின் அடியில் சப்பாத்தின் மேல் இழுத்துவிடும் உள்மடிப்பும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். விழும்போது பனி உள்ளே புகாமல் தடுப்பவை இவை. காற்சட்டைக்குத் தோள்பட்டி இருந்தால் முதுகு திறக்காது. மழைக்கோட்டை ஸ்வெட்டரின் மேல் போட்டு அனுப்புவது போதாது. நகரத்தில் அணியும் குளிர்கால ஜாக்கெட்டும் பெரும்பாலும் முதல் நாளிலேயே நனைந்துவிடும்.

கையும் காலும்

உடல் குளிரும்போது இரத்தம் நடுவுடலுக்கே முதலில் போகும். அதனால் விரல்கள் முதலில் மரத்துப்போகும். நீர் புகாத கையுறை இரண்டு சோடி கட்டாயம் வேண்டும். ஒன்று நனைந்து காயும்போது மற்றது கையில் இருக்கும். நான்கு விரலும் ஒன்றாக அடங்கும் கையுறை, விரல் பிரிந்த கையுறையைவிடச் சூடானது. கம்பளிப் பின்னல் கையுறை பனியில் ஊறிப்போகும்.

காலுறை விஷயத்தில் பல வீடுகளில் ஒரே தவறு நடக்கிறது: குளிருமே என்று இரண்டைச் சேர்த்துப் போட்டு அனுப்புவார்கள். இறுகிய சப்பாத்துக்குள் இரண்டு காலுறை இரத்த ஓட்டத்தை அழுத்தும். மடிப்புகள் தோலை உராய்ந்து கொப்புளம் ஆக்கும். கால் இன்னும் அதிகமாகக் குளிரும். முழங்கால்வரை வரும் பனிச்சறுக்குக் காலுறை ஒன்றே ஒன்று போதும். உள்காற்சட்டையின் விளிம்பையும் சப்பாத்துக்குள் செருகக் கூடாது. காலுறை மூன்று சோடி இருந்தால் வாரம் முழுவதும் உலர்ந்த கால் கிடைக்கும்.

கழுத்துக்கு நீண்ட சால்வை வேண்டாம்; இழுவையில் சிக்கினால் ஆபத்து. தலைவழியாகப் போடும் குழாய் வடிவக் கழுத்துறையே பாதுகாப்பு. ஜாக்கெட்டில் தொங்கும் நீண்ட கயிறுகளையும் எடுத்துவிட வேண்டும்.

தலை, கண், தோல்

தலைக்கவசம் இல்லாமல் எந்தப் பிள்ளையும் சரிவில் இறங்கக் கூடாது. ஐரோப்பாவில் பனிச்சறுக்குத் தலைக்கவசத்துக்கான தரக்குறி இ.என். 1077. சைக்கிள் தலைக்கவசம் இதற்கு மாற்றாகாது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் அது உட்கார வேண்டும். பட்டியைப் பூட்டாமலே தலையை ஆட்டினாலும் நழுவக் கூடாது. வளருவான் என்று பெரிதாக வாங்கினால் விழும்போது அது காக்காது. பலமாக அடிபட்ட தலைக்கவசத்தை வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்ற வேண்டும்; இரவல் வாங்கும்போது அதைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

கவசத்துக்குள் தடித்த தொப்பி போடக் கூடாது. நீண்ட கூந்தலைக் கொண்டையாகவோ உயர்த்திய குதிரைவாலாகவோ கட்டினால் கவசம் தலையில் பொருந்தாது. கழுத்தருகே தாழப் பின்னிய சடையே சரி. சங்கிலி, வளையல், தொங்கும் தோடு ஆகியவை வீட்டிலேயே இருக்கட்டும்.

உயர்மலை வெயிலைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஆயிரம் மீட்டருக்குப் புறஊதாக் கதிர் 10 முதல் 12 சதவீதம் கூடுகிறது. புதுப்பனி அந்தக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும். அதனால் வெயில் கீழிருந்தும் முகத்தில் படும். பாதுகாப்பில்லாத கண் சில மணி நேரத்தில் சிவந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தும். இதைத்தான் பனிக்குருடு என்கிறார்கள். கண்ணை மூடிப் பொருந்தும் பனிக்கண்ணாடி இதற்குத்தான். எஸ்1 வகை மங்கிய நாளுக்கு, எஸ்3 வகை பளீரென்ற வெயிலுக்கு. ஒன்றே வாங்குவதானால் நடுவிலுள்ள எஸ்2 பொருத்தம். பார்வைக் கண்ணாடி அணியும் பிள்ளைக்கு, அதன் மேல் அணியக்கூடிய அகலமான பனிக்கண்ணாடி தேவை.

எஸ்.பி.எஃப். 50 வெயில் காப்புக் களிம்பும் உதட்டுக் களிம்பும் எல்லாத் தோல் நிறத்துக்கும் வேண்டும். கருந்தோலும் கருகும்; தோலில் சிவப்பு தெரியாததால் கவனிக்கத் தாமதமாகும், அவ்வளவுதான்.

பலகையும் சப்பாத்தும்: வாடகையே நல்லது

வளரும் பிள்ளைக்கு இவற்றைப் புதிதாக வாங்கத் தேவையில்லை. கடைகளில் ஒரு வாரத்துக்கோ குளிர்காலம் முழுவதற்குமோ வாடகைக்கு எடுக்கலாம். இலையுதிர் காலத்தில் ஊர்தோறும் பழைய பனிச்சறுக்குப் பொருள் சந்தைகள் நடக்கும். 'ப்ரோக்கி' எனப்படும் பழம்பொருள் கடைகளில் நல்ல ஜாக்கெட்டுகள் மலிவாகக் கிடைக்கும். முகாம் நெருங்கும் வாரத்தில் சிறுவர் அளவுகள் தீர்ந்துபோகும் என்பதால் முன்கூட்டியே போவது நல்லது.

சப்பாத்தின் அளவு, பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்வது. 22.5 சென்டிமீட்டர் பாதத்துக்கு 22.5 அளவு. பூட்டி நிமிர்ந்து நின்றால் கால்விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னே மடக்கினால் விலக வேண்டும். குதிகால் மேலெழும்பக் கூடாது. முகாமில் போடப்போகும் அதே காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். பழகுநரின் பலகை நெஞ்சுக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருந்தால் திரும்புவது எளிது.

பலகையையும் சப்பாத்தையும் இணைக்கும் பிணைப்பான், விழும்போது தானாகக் கழன்று காலைக் காக்கும். எந்த விசையில் கழல வேண்டும் என்பதைப் பிள்ளையின் எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடிநீளம், திறமை ஆகியவற்றைக் கொண்டு கடைக்காரர் கணக்கிட்டுத் திருகுவார். எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல் நிறுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். 'நன்றாக ஓடுவான்' என்று திறமையைக் கூட்டிச் சொன்னால் பிணைப்பான் இறுகி, கழல வேண்டிய நேரத்தில் கழலாது. உறவினரிடம் இரவல் வாங்கிய பலகையையும் கடையில் கொடுத்து இந்த அளவுக்கு மாற்றிய பின்னரே அனுப்ப வேண்டும்.

செலவைப் பற்றித் தயங்கும் பெற்றோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். முகாம் கட்டாயப் பள்ளிக் கல்வியின் பகுதியாக இருந்தால், பிள்ளை வீட்டில் இல்லாததால் மிச்சமாகும் உணவுச் செலவை மட்டுமே பெற்றோரிடம் கேட்கலாம் என்று சுவிஸ் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பிள்ளையின் வயதைப் பொறுத்து அது நாளொன்றுக்கு 10 முதல் 16 பிராங்க். பொருள்களுக்கு வழியில்லை என்றால் வகுப்பாசிரியரிடம் நேரே சொல்லலாம். பிள்ளை வீட்டில் நின்றுவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

விடுதிக்கு வேண்டியவை

பொது விடுதியில் ஓர் அறையில் பலர் படுப்பார்கள். படுக்கைப் பையா, விரிப்பு மட்டுமா என்பதைப் பட்டியல் சொல்லும். வீட்டுச் செருப்பு கட்டாயம். ஈரச் சப்பாத்து வாசலிலேயே நின்றுவிடும். வெளியே நடக்க, அடிப்பள்ளம் ஆழமான குளிர்காலச் சப்பாத்து வேண்டும். மாலைக்குத் தளர்வான காற்சட்டை இரண்டு, சட்டை மூன்று, உள்ளாடை நாளுக்கு ஒன்று, இரவுடை, துவாலை, பல் துலக்கும் பொருள்கள், சிறிய டார்ச், கம்பளித் தொப்பி, அழுக்குத் துணிக்கு ஒரு பை. இவற்றுக்கு மேல் துணி அடுக்கினால் தூக்குவது பிள்ளைதான்.

தாள்களும் மருந்தும்

மருத்துவக் காப்பீட்டு அட்டை, பெற்றோரின் தொலைபேசி எண்கள், பள்ளி கேட்டிருந்தால் பயண அட்டை ஆகியவை ஓர் உறையில் இருக்கட்டும். ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு, படுக்கையில் சிறுநீர் கழித்தல் எதையும் மறைக்காமல் படிவத்தில் எழுத வேண்டும். குளிர்ந்த, வறண்ட காற்று ஆஸ்துமாவைக் கிளப்பும். அந்தப் பிள்ளையின் இன்ஹேலர் ஜாக்கெட்டின் உட்பையிலேயே இருக்க வேண்டும். மற்ற மருந்துகளை, அளவும் நேரமும் எழுதி, ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். சைவம், மாட்டிறைச்சி உண்ணாமை, ஹலால் போன்ற உணவு வழக்கங்களையும் முன்பே எழுதிக் கொடுத்தால் சமையலறை ஏற்பாடு செய்யும்.

பிள்ளையே அடுக்கட்டும்

புறப்படுவதற்குச் சில நாள் முன்பு, எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கும் ஒத்திகை வேண்டும். சப்பாத்தின் கொக்கிகளைத் தானே பூட்டிக் கழற்ற முடிகிறதா, கையுறையோடு கவசப் பட்டியைப் போட முடிகிறதா, அத்தனை அடுக்கோடும் கழிப்பறைக்குப் போய்வர முடிகிறதா என்று பார்க்கலாம். வகுப்பில் இருபது பேர் இருக்கும்போது ஒவ்வொருவருக்கும் ஆசிரியர் கொக்கி மாட்டிக்கொண்டிருக்க முடியாது. தன்னால் முடியும் என்ற நம்பிக்கையே பிள்ளையின் அச்சத்தில் பாதியைப் போக்கும்.

பையைப் பிள்ளையே அடுக்க, பெற்றோர் அருகில் இருந்து சரிபார்ப்பது சிறந்தது. தான் வைத்த இடத்தில் பிள்ளை எதையும் தேடி எடுத்துவிடும். கையுறை, காலுறை, கவசம், பலகை எல்லாவற்றிலும் பெயர் எழுத வேண்டும். காயவைக்கும் அறையில் ஒரே மாதிரிக் கையுறைகள் நிறையத் தொங்கும்.

ஈரத்தைக் கையாளும் பழக்கத்தையும் பொருளோடு சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். விடுதிக்குத் திரும்பியதும் கையுறையையும் காலுறையையும் விரித்துக் காயப்போட வேண்டும். பனிச்சறுக்குச் சப்பாத்தின் கொக்கிகளைத் திறந்துவைக்க வேண்டும். நனைந்த நடைச்சப்பாத்துக்குள் பழைய செய்தித்தாளைத் திணிக்க வேண்டும். விரல் மரத்துப்போனாலோ, மூக்கோ காதோ உணர்விழந்தாலோ, உடனே ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்வது வீரம் என்று நினைத்துவிடக் கூடாது.

பயண நாளுக்கான சிறு முதுகுப்பையில் மதிய உணவு, தண்ணீர்ப் போத்தல், வெயில் களிம்பு, கைக்குட்டை, மாற்றுக் கையுறை இருக்கட்டும். பல முகாம்களில் இறங்கிய அன்றே சரிவுக்குப் போய்விடுவார்கள். அப்படியென்றால் முதலடுக்கும் காலுறையும் வீட்டிலிருந்தே அணிந்து போகலாம். மின்னணு இழுவைச் சீட்டைத் தந்ததும் ஜாக்கெட்டின் இடப்பக்கப் பையில் தனியாக வைக்கச் சொல்ல வேண்டும். வாயிற்கருவி பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்தே அதைப் படிக்கும்; கைபேசி அருகில் இருந்தால் தடுமாறும்.