புல்விதையும் முட்செடியும்: சிறு நாய்களுக்கு நேரும் இடர்கள்

நிலைத்து நிற்கும் தாவரம் தன் சந்ததியைத் தொலைவிடங்களுக்கு அனுப்பப் பல உபாயங்களைக் கொண்டுள்ளது. சில விதைகளைக் காற்று சுமக்கிறது. சிலவற்றை நீர் கொண்டு செல்கிறது. வேறு சில விதைகள் கொக்கி, முள், சுணை ஆகியவற்றின் துணையால் பிராணிகளின் மயிரில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்கின்றன. இப்பயணத்தால் தாவரத்துக்கு நன்மை உண்டு. சுமக்கும் பிராணிக்கு யாதொரு பயனும் இல்லை. சிறு நாய்களுக்கோ இதனால் உயிருக்கே கேடு விளைவதுண்டு. எனினும் இது பற்றிப் பொதுமக்கள் அறிந்திருப்பது மிகக் குறைவே.

மும்பை மாநகரின் கிழக்கோரத்தில், தாணே கழியை ஒட்டி அமைந்துள்ளது மான்குர்த். துறைமுக இருப்புப்பாதை 1992-இல் கழியைக் கடந்து வாஷிக்கு நீட்டப்படும் வரை, அப்பாதையின் கடைசி நிலையம் இதுவே. ஒருபுறம் டிராம்பே குன்றும், மறுபுறம் 1927 முதல் மாநகரின் குப்பை கொட்டப்பட்டு வந்த தேவநார் மேடும் உள்ளன. இருப்புப்பாதை ஓரம், தூர்க்கப்பட்ட சதுப்பு நிலம், கட்டடம் எழும்பாத வெற்றிடம் போன்ற இடங்களில் மனிதன் விதைக்காத செடிகளே தழைக்கும். செம்பூர், தாராவிப் பகுதிகளைப் போலவே இங்கும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. தெருவில் பிறந்த குட்டிகளுடன் சிறுவர் விளையாடுவதும், வசதியுள்ளோர் ஸ்பிட்ஸ் முதலிய நீண்ட மயிர் கொண்ட சிறு நாய்களை வளர்ப்பதும் சாதாரணமே.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை பெய்கிறது. அந்நான்கு மாதங்களில் புல் பசுமையாகவும் மென்மையாகவும் இருக்கும். அப்போது அதில் புரளும் நாய்க்குத் தீங்கு ஏதுமில்லை. மழை நின்று அக்டோபர் வெயில் தொடங்கியதும் கதிர்கள் காய்ந்து விதை முற்றுகிறது. இடர்க்காலம் அப்போது தொடங்கி, உதிர்ந்த விதை மண்ணில் மறையும் வரை நீடிக்கிறது.

கொங்கணத்துக் குன்றுச் சரிவுகளிலும் தமிழ்நாட்டின் மேய்ச்சல் நிலங்களிலும் ஒருங்கே காணப்படும் ஊசிப்புல் இவ்வகையில் முதலிடம் பெறுவது. தாவர நூலார் இதனை ஹெடரோபோகன் கன்டார்டஸ் என்பர்; பின்னது 'முறுக்கப்பட்டது' எனப் பொருள்படும். பெயருக்கேற்ப, விதையின் தலையில் 6 முதல் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கூந்தல் ஒன்று கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருக்கிறது. விதையின் அடி ஊசிபோல் கூரியது. அக்கூர்முனைக்குச் சற்று மேலே, பின்னோக்கிச் சாய்ந்த விறைப்பான மயிர்கள் உள்ளன. ஈரம் பட்டால் கூந்தலின் முறுக்கு அவிழ்கிறது; காய்ந்தால் மீண்டும் முறுக்கேறுகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் முனை சிறிது முன்னேறுகிறது. சாய்ந்த மயிர்கள் அது பின்வாங்காமல் தடுக்கின்றன. மண்ணில் தன்னைத் தானே புதைத்துக்கொள்ளும் பொருட்டு அமைந்த இவ்வியந்திரத்தின் செயல்முறையை, சார்லஸ் டார்வினின் புதல்வர் பிரான்சிஸ் டார்வின் 1876-இல் ஆராய்ந்து வெளியிட்டார். அவர் சிறப்பாக ஆராய்ந்தது ஸ்டைபா என்னும் வேறொரு புல்லினத்தையாயினும் தத்துவம் ஒன்றே.

பள்ளியில் இதனை எளிதில் செய்து காட்டலாம். முற்றிய ஊசிப்புல் விதையொன்றைக் கிடுக்கியால் எடுத்து, அதன் அடியைக் களிமண் உருண்டையில் நிறுத்தி, கூந்தலின் மீது சில துளி நீர் விட்டால் சிறிது நேரத்தில் அது கடிகார முள்ளைப்போல் சுற்றத் தொடங்கும். மாணவர் மறக்க மாட்டாத சோதனை இது. விதையை வெறுங்கையால் எடுக்க அவர்களை அனுமதித்தலாகாது.

மண்ணுக்கும் நாயின் தோலுக்கும் இவ்விதை வேற்றுமை காண்பதில்லை. ஆடு வளர்ப்போர் இதனை நெடுங்காலமாக அறிவர். ஊசிப்புல் முற்றிய காட்டில் மேய்ந்த செம்மறியாட்டின் கம்பளமும் தோலும் துளைபட்டு மதிப்பிழக்கின்றன.

ஏனைய செடிகளையும் சுருங்கக் கூறலாம். நாயுருவி, தன் பெயரிலேயே நாயைத் தாங்கி நிற்கிறது. மராட்டியர் இதனை 'அகாடா' என்பர். பிள்ளையார் வழிபாட்டுக்குரிய இலைகளுள் ஒன்றாகப் பறிப்பர். இதன் தலைகீழான கனிகள் மயிரில் ஒட்டிச் சிக்கு உண்டாக்கும். மருளூமத்தையின் காய் முழுதும் கொக்கிகள் நிறைந்தது; அதன் இளநாற்று கால்நடைகளுக்கு நஞ்சுமாகும். நெருஞ்சிக் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கியே இருக்கும். மெக்ஸிகோவிலிருந்து வந்து குடியேறிய தேள்கொடுக்குச் செடியின் காய்க்கு இரு வளைந்த கொடுக்குகள் உண்டு. கழிக்கரைச் சேற்றில் கழிமுள்ளியின் இலைகளே முட்களாயிருக்கின்றன. இவற்றால் உண்டாகும் புண் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படும்; ஆகையால் ஊசிப்புல்லைப்போல் வஞ்சனை செய்வதில்லை.

சிறு நாய் அதிகமாகத் துன்புறுவதற்குக் காரணம் அதன் உயரமே. பெரிய நாயின் முழங்காலை உரசும் கதிர், சிறு நாயின் கண், செவி, அக்குள், வயிறு ஆகியவற்றைத் தொடுகிறது. தொங்குசெவியும், விரலிடையில் அடர்ந்த மயிரும் உள்ள இனங்களில் விதை தங்குவதற்கு இடம் மிகுதி.

விதை காதினுள் புகுந்தால் நாய் திடீரெனத் தலையை உதறும்; ஒரு பக்கமாகச் சாய்த்து நடக்கும். நாயின் செவிக்குழல் முதலில் கீழ்நோக்கிச் சென்று பின் உட்புறமாகத் திரும்புவதால், உள்ளே சென்ற விதை வெளியிலிருந்து தெரியாது. மூக்கினுள் புகுந்தால் ஓயாத தும்மலும், ஒரே துளையிலிருந்து இரத்தமும் காணலாம். கண்ணில் புகுந்தது மூன்றாம் இமையின் அடியில் ஒளிந்து விழியின் மேற்பரப்பை அறுக்கும். பாதத்தில் புகுந்தாலோ நாய் விரலிடையை இடைவிடாது நக்கும். சில நாட்களில் அங்கே கொப்புளம் எழுந்து உடைந்து சீழ் வடியும், ஆறும், மீண்டும் எழும்.

இவ்வாறு ஆறாது திரும்பத் திரும்ப எழும் புண்ணே மிகவும் கவனிக்கத்தக்கது. புல்விதையை உடல் கரைப்பதில்லை. அது தசைகளின் அசைவால் முன்னேறிக்கொண்டே இருக்கும். தன்னுடன் பாக்டீரியாக்களையும் கொண்டு செல்லும். மூச்சுடன் உள்ளிழுக்கப்பட்ட விதை நுரையீரலைத் துளைத்து மார்புக்குழியில் சீழ் கட்டச் செய்வதும், அதற்கப்பாலும் சென்று இடுப்பு முதுகெலும்பைத் தாக்குவதும் மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளன. சாதாரண எக்ஸ்ரே படத்தில் விதை தென்படாது. ஒலியலைப் படமோ, கணினி வெட்டுப் படமோ தேவைப்படலாம். மருந்தினால் சீழ் தற்காலிகமாக வற்றும். விதையை எடுக்காதவரை நோய் தீராது.

முதலுதவியில் சில வரம்புகள் உண்டு. விதையின் பெரும்பகுதி தோலுக்கு வெளியே தெரிந்தால், தோலை ஒட்டிக் கிடுக்கியால் பற்றி, புகுந்த வழியிலேயே நேராக இழுக்கலாம். ஒடிந்து உள்ளே தங்கியதைத் தோண்டலாகாது. காதில் எண்ணெய் ஊற்றும் வழக்கம் தீயது. செவிப்பறை கிழிந்திருந்தால் கேடு பெருகும். கண்ணைச் சுத்தமான நீரால் கழுவி, நாய் தேய்த்துக்கொள்ளாதபடி காத்து, அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மருளூமத்தை சிக்கிய மயிரைப் பிய்க்காமல், தோலுக்கும் சிக்குக்கும் இடையே சீப்பைச் செருகி, சீப்பின் மேற்புறமாகக் கத்தரித்தல் பாதுகாப்பானது.

ஆசிரியர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தொண்டையில் புல் சிக்கிய நாய் எச்சில் ஒழுக்கும், விழுங்க இயலாது தவிக்கும், குரல் மாறும். வெறிநோய் கண்ட நாயும் அவ்வாறே செய்யும். 'ஏதோ சிக்கிக்கொண்டது' என்று இரக்கப்பட்டு வாயில் கைவிடும் சிறுவன் தன் உயிரையே பணயம் வைக்கிறான். வெறிநோய்க் குறிகள் மனிதரிடம் தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. ஆகையால் எச்சில் ஒழுக்கும் நாயின் வாயை எவரும் திறந்து பார்க்கலாகாது. கால்நடை மருத்துவருக்கே அறிவிக்க வேண்டும். வேதனையில் உள்ள நாய் பழகியவரையும் கடிக்கும். கடியோ கீறலோ பட்டாலும், புண்ணில் எச்சில் பட்டாலும், அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனையில் தடுப்பூசி பெற வேண்டும். இதில் நாய் வீட்டு நாயா, தெரு நாயா என்று ஆராய்ந்து காலம் கடத்துவது தகாது.

தடுப்பு முறை செலவற்றது. பள்ளி மைதானத்திலும் குடியிருப்பின் ஓரங்களிலும் உள்ள ஊசிப்புல்லைக் கதிர் முற்றுமுன், அதாவது மழை முடியும் தறுவாயிலேயே அறுத்துவிட வேண்டும். பூக்குமுன் அறுத்தால் அது நல்ல தீவனமுமாகும். காய்ந்த பின் அறுப்பது விதையைத் தூவுவதற்கே ஒப்பாகும். இடர்க்காலத்தில் நாயின் விரலிடை, காதோரம், வயிறு ஆகியவற்றின் மயிரைக் குட்டையாக வெட்டிவிடுவதும், வெளியே சென்று திரும்பிய ஒவ்வொரு முறையும் விரலிடைகளைப் பிரித்துப் பார்த்துச் சீவுவதும் போதுமானவை. சீவி எடுத்த விதைகளை முற்றத்தில் எறியாமல் எரித்துவிடுக.

அருகில் மருத்துவர் இல்லாதோர் மான்குர்த்திலிருந்து குர்லா சென்று வண்டி மாறிப் பரேலை அடையலாம். 1886-இல் தொடங்கப்பெற்ற பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரியும், பாய் சகர்பாய் தின்ஷா பெடிட் பிராணி மருத்துவமனையும் அங்கு உள்ளன. நாய் எந்நாளில் எவ்விடத்துப் புல்லில் உலவியது, எப்போது முதலில் தலையை உதறியது அல்லது நொண்டியது என்பவற்றைக் குறித்துச் செல்லுதல் நலம். நாயின் மேலிருந்து கிடைத்த விதை ஏதேனும் இருப்பின் அதையும் காகிதத்தில் மடித்து எடுத்துச் சென்றால், உள்ளே தேட வேண்டியது இன்னதென்று மருத்துவர் அறிந்துகொள்வார்.