சிற்பமும் அதன் பொருள்களும்

காவிரியின் வடகரையில் அமைந்த ஊர் பரமத்தி வேலூர். இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், 1997-ஆம் ஆண்டுக்கு முன்னர்ச் சேலம் மாவட்டத்தில் இருந்தது. வெற்றிலைக் கொடிக்கால்களும், வாழைத் தோட்டங்களும், கரும்பு வயல்களும் இதனைச் சூழ்ந்துள்ளன. ஆகவே, வேளாண்மைக்குப் பெயர்பெற்ற ஊராக இதனை அறிந்தோர் பலர். சிற்பக் கலையோடு சேர்த்து நினைப்போர் சிலரே. ஆயினும், இவ்வூரில் நின்று நாற்புறமும் நோக்குவோமானால், சிற்பிக்கு வேண்டிய பொருள்களுள் பெரும்பாலன அண்மையிலேயே இருத்தலைக் காணலாம். ஆற்றிலே மணலும் வண்டலும் உள்ளன. வடகிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் நாமக்கல் மலை ஒரே பாறையாக ஓங்கி நிற்கின்றது. கரும்பாலைகளில் காய்ச்சப்படும் வெல்லமுங்கூடச் சிற்பிக்கு உதவும் ஒரு பொருளே. உண்ணும் வெல்லம் உருவம் சமைக்க உதவுவது எங்ஙனம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஓவியம் நீளமும் அகலமும் உடையது. சிற்பமோ அவற்றோடு கனமும் உடையது. நாற்புறமும் சுற்றிவந்து காணத்தக்கதாகச் செய்யப்படுவது முழு உருவச் சிற்பம். சுவரிலோ பாறையிலோ ஒட்டி, முன்புறம் மட்டும் மேலெழுந்து தோன்றுவது புடைப்புச் சிற்பம். மண், மரம், கல், செங்கல், சுதை, உலோகம், மெழுகு, தந்தம், வண்ணம், கண்டசருக்கரை ஆகிய பத்தும் சிற்பத் தொழிலுக்கு உரிய பொருள்கள் எனத் திவாகர நிகண்டு தொகுத்துரைக்கின்றது. இவற்றுள் தந்தம், யானைகளைக் காக்கும்பொருட்டு, இந்நாளில் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது. ஏனையவற்றுள் பல இன்றும் வழக்கில் உள்ளன.

பொருள்கள் பலவாயினும், உருவம் சமைக்கும் முறைகள் மூன்றே. மண்ணைப் போன்ற மென்பொருளைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வளர்ப்பது ஒரு முறை. கல்லையும் மரத்தையும் போன்ற வன்பொருளில் வேண்டாத பகுதியை நீக்கி, வேண்டிய உருவை வெளிப்படுத்துவது மற்றொரு முறை. உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுவது மூன்றாம் முறை. சேர்க்கும் முறையில் பிழை நேரின் அழித்துத் திருத்தலாம். நீக்கும் முறையில் அங்ஙனம் இயலாது. போன துண்டு போனதே. இவ்வேறுபாட்டை உணர்ந்தால், கல் தச்சன் ஓர் அடி அடிப்பதற்கு முன்னர் ஏன் பலமுறை அளந்து பார்க்கின்றான் என்பது விளங்கும்.

முதற்கண் மண்ணைப் பார்ப்போம். ஊர் எல்லையில் ஐயனார் கோயிலின் முன் நிற்கும் சுடுமண் குதிரைகளைக் காணாதார் யார்? அவற்றைச் செய்யும் குயவர், களிமண்ணைக் கல்லும் வேரும் நீங்கத் தூய்மை செய்து, மணலும் உமியும் கலந்து காலால் மிதித்துப் பதமாக்குவர். வெறுங் களிமண் உலரும்பொழுது மிகுதியாகச் சுருங்கி வெடிக்கும். மணல் அச்சுருக்கத்தைக் குறைக்கின்றது. உமியோ சூளையில் எரிந்துபோய், நுண்ணிய துளைகளை விட்டுச் செல்கின்றது. குதிரையின் கால்களும் உடலும் உள்ளே வெற்றிடம் உடையனவாகவே வனையப்படும். கனமான மண்ணின் நடுவில் ஈரம் தங்குமாயின், அது சூளையின் வெம்மையில் நீராவியாகி, வெளிவர வழியின்றி உருவையே பிளந்துவிடும். ஆதலின், உட்குடைவாகச் செய்வது மண்ணைச் சேமிப்பதற்காக மட்டுமன்று. உருவைக் காப்பதற்காகவும் ஆகும்.

இனிச் சுதையைக் காண்போம். கோபுரங்களின் மேல் நிற்கும் உருவங்கள் பெரும்பாலும் செங்கல்லும் சுதையும் கொண்டு அமைக்கப்பட்டவை. சுதையாவது சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டு, நீர் விட்டு நீற்றி, சலித்த மணலோடு கலந்து, வெண்ணெய்போல் ஆகும்வரை அரைப்பர். கடுக்காயையும் வெல்லத்தையும் நீரில் சில நாள் ஊறவைத்து, அந்நீரை இச்சாந்தில் சேர்ப்பர். இனிப்புப் பொருள் சுண்ணாம்பை நீரில் மிகுதியாகக் கரையச் செய்யும் இயல்புடையது. கரைந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சிறிது சிறிதாக மீண்டும் கல்லின் தன்மையை அடைகின்றது. இதனால் சாந்து இறுகிப் பிணைந்து வலிமை பெறுகின்றது. பரமத்தி வேலூர் வட்டத்திலுள்ள பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தைக்குப் பெயர்போனது. அங்குக் குவியும் வெல்லத்தைப் போன்றதொரு பொருள், உணவாவதோடு வானளாவும் கோபுரச் சிற்பங்களுக்கு உறுதி தரும் துணையாகவும் பயன்படுவது எண்ணி மகிழத்தக்கது.

மரம் உயிருள்ளதாய் வளர்ந்த பொருள். அதற்கு நரம்போட்டம் உண்டு. நரம்பின் வழியே உளியைச் செலுத்தினால் மரம் இணங்கும்; எதிர்த்துச் செலுத்தினால் சிம்பு சிம்பாகப் பெயரும். வெட்டிய மரத்தை உடனே செதுக்குதலும் ஆகாது. நிழலில் நெடுநாள் வைத்து, ஈரம் நீங்கிய பின்னரே செதுக்க வேண்டும். அன்றேல், முடித்த சிற்பம் உலரும்பொழுது முறுக்கிக்கொண்டு வெடிக்கும். சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியும், பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரும் மரச்சிற்பத்திற்குப் புகழ்பெற்றவை. வாகை மரத்தை இத்தொழிலாளர் பெரிதும் விரும்புவர். கோயில் தேர்களில் அடுக்கடுக்காக அமைந்துள்ள சிற்பப் பலகைகள் மரத்தச்சரின் திறமைக்குச் சான்றுகளாகும்.

கல்லில் வடிக்கும் கலையே இவை எல்லாவற்றினும் கடினமானது. முதல் வேலை கல்லைத் தேர்தல். சிற்பி பாறையைத் தட்டி அதன் ஓசையைக் கேட்கின்றான். பிளவு இல்லாத கல் மணிபோல் ஒலிக்கும். உள்ளே வெடிப்பு உள்ள கல்லின் ஓசை மழுங்கிக் கேட்கும். கண்ணுக்குப் புலனாகாத குறையைக் காது கண்டுபிடிக்கின்றது. ஓசையின் இயல்பு நோக்கி, ஆண் கல், பெண் கல், அலிக் கல் எனச் சிற்ப நூலார் கற்களை மூவகையாகப் பிரிப்பர். தேர்ந்த பாறையில் வரிசையாகக் குழிகள் இட்டு, அவற்றில் ஆப்புகளை இறக்கி அடிப்பர். ஆப்புகள் ஒரே நேரத்தில் நெருக்குவதால், பாறை அக்குழி வரிசையின் வழியே பிளக்கும். பெரிய பாறைகள் இங்ஙனமே சிறு கற்களாகப் பெயர்க்கப்பட்டன.

அடுத்தது அளவு. சிற்பி தன் மனம்போனவாறு உறுப்புகளை அமைப்பதில்லை. முகத்தின் நீளத்தை ஒரு தாளம் என்பர். ஒரு தாளம் 12 அங்குலப் பகுதிகளாகப் பிரிக்கப்படும். இஃது அளவுகோலில் காணும் அங்குலம் அன்று. உருவின் உயரத்திற்கேற்ப விரிந்தும் சுருங்கியும் வருவது. நவதாளம் என்னும் அளவில் அமையும் உருவின் உயரம் 108 அங்குலம். உத்தம தசதாளம் என்னும் அளவில் அது 124 அங்குலமாகும். ஆகவே, ஒரு சாண் உயரமுள்ள படிமமாயினும், பனையளவு உயர்ந்த சிலையாயினும், உறுப்புகளின் பொருத்தம் மாறுவதில்லை. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று கன்னியாகுமரியில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை, பீடத்தோடு 133 அடி உயரமுடையது. கணபதி ஸ்தபதியார் அதனை மரபு முறையைத் தழுவியே அமைத்தார். அத்துணைப் பேருருவிலும் உறுப்புகள் ஒன்றோடொன்று இயைந்து நிற்பதற்கு இவ்வளவு முறையே காரணம்.

செதுக்கும் வேலை மூன்று நிலைகளில் நடைபெறும். காவிக் கோட்டால் உருவை வரைந்துகொண்டு, கூரிய உளியால் பெரும் பகுதிகளை உடைத்து நீக்குதல் முதல் நிலை. பல்வேறு உளிகளைக் கொண்டு முகம், கை, அணி முதலியவற்றை வெளிக்கொணர்தல் இரண்டாம் நிலை. உளித் தழும்புகள் மறைய, மணலும் நீரும் இட்டுத் தேய்த்து வழவழப்பாக்குதல் மூன்றாம் நிலை. கல்லில் மோதும் உளியின் முனை விரைவில் மழுங்கும். அதனைப் பழுக்கக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, நீரில் தோய்த்து உரமேற்ற வேண்டும். இதனால், சிற்பக் கூடத்தின் அருகே ஓர் உலைக்களமும் இருப்பது வழக்கம். கல் தச்சன் கருமானின் துணையின்றி ஒரு நாளும் வேலை செய்ய இயலாது.

பெயர்த்த கல்லில் வடிப்பதினும், நிற்கின்ற மலையையே குடைந்து வடிப்பது அரிது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றிக் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் குறிப்பிடுகின்றான். அம்மரபு கொங்கு நாட்டிலும் பரவியது. நாமக்கல் மலையின் இரு புறமும் 8-ஆம் நூற்றாண்டில் இரண்டு குடைவரைகள் அமைக்கப்பட்டன. ஒன்று நரசிம்மருக்கும், மற்றொன்று பாம்பணையில் பள்ளிகொண்ட அரங்கநாதருக்கும் உரியவை. அதிய மரபினனான குணசீலன் என்னும் அரசனின் பெயர் இங்குள்ள கல்வெட்டில் காணப்படுகின்றது. குடைவரை அமைப்போர் பாறையின் முகப்பைச் சமன் செய்து, அதனைச் சதுரம் சதுரமாகப் பகுத்துக்கொள்வர். சதுரங்களைச் சுற்றிப் பள்ளம் செதுக்கி, நடுவிலுள்ள மேட்டை உடைத்து எடுப்பர். பின்னர் உள்நோக்கிச் செல்வர். மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாத குகைகளில் இச்சதுரங்களை இன்றும் காணலாம். தூண்கள் நிற்கவேண்டிய இடத்தில் பாறையை விட்டுவைக்க வேண்டும். சிற்பம் அமைய வேண்டிய சுவரிலும் போதிய கனம் விட்டுவைக்க வேண்டும். எடுத்த பாறையை மீண்டும் ஒட்டுதல் இயலாது. இவ்வளவையும் முன்னரே மனத்தில் கண்டவரே இரணியனை வதைக்கும் நரசிம்மரையும், உலகளந்த திரிவிக்கிரமரையும், வராகரையும் அச்சுவர்களில் உயிர்ப்போடு நிறுத்தினர்.

கல்லென்றால் எல்லாம் கடினமானவை என்று எண்ணுதல் கூடாது. சேலம், நாமக்கல் பகுதிகளில் மாக்கல் என்னும் மென்கல் கிடைக்கின்றது. தொட்டால் சவர்க்காரம்போல் வழுக்கும்; நகத்தால் கீறினாலும் கோடு விழும். இதனைக் குடைந்தும் கடைந்தும் கல்சட்டிகள் செய்வர். மாக்கல் மெல்லச் சூடேறி, ஏறிய சூட்டை நெடுநேரம் தாங்கி நிற்கும். அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் கல்சட்டிக் குழம்பு கொதித்துக்கொண்டிருப்பதை நம் வீடுகளில் கண்டிருக்கலாம். ஆனால், கீழே விழுந்தால் கல்சட்டி உடையும். ஒரு பொருளின் நயமும் குறையும் அதன் இயல்பிலேயே அடங்கியுள்ளன. அவற்றை அறிந்து நடப்பவனே நல்ல தொழிலாளி.

பரமத்தி வேலூரைக் கடந்து கிழக்கே ஓடும் காவிரி, கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் மற்றொரு கலையை வளர்க்கின்றது. அதுவே செப்புத் திருமேனி வார்க்கும் கலை. தேன்மெழுகோடு குங்கிலியமும் சிறிது எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அம்மெழுகால் ஸ்தபதி முதலில் உருவம் செய்கின்றார். அளவு காண்பதற்குத் தென்னை ஓலையைத் துண்டாக்கி மடித்துக்கொள்கின்றார். முடிந்த மெழுகுருவின் மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசுகின்றார். மிக நுண்ணிய மண்ணாதலின், விரல் நகத்தின் கோடும், மாலையின் மணியும் அதில் பிசகாது பதிகின்றன. அதன்மேல் களிமண்ணும் மணலும் கலந்த தடித்த பூச்சுகள் இட்டு, இரும்புக் கம்பிகளால் கட்டி உலரவிடுகின்றார்.

உலர்ந்த அச்சைச் சூடாக்கினால் மெழுகு உருகி, விட்டுவைத்த துளை வழியே வெளியேறும். உள்ளே உருவத்தின் வெற்றிடம் நிற்கும். மெழுகின் எடையைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு உலோகம் வேண்டும். ஏனெனில், அதே அளவு இடத்தை அடைக்கும் செம்பு, மெழுகினும் அத்துணை மடங்கு கனமானது. செம்பைப் பெரும்பகுதியாகக் கொண்ட ஐம்பொன் கலவையை உருக்கி, சூடான அச்சினுள் இடைவிடாது ஊற்றுவர். செம்பு உருக 1085 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். அச்சு குளிர்ந்திருந்தால் உலோகம் பாதி வழியிலேயே உறைந்துவிடும். அச்சில் ஈரம் இருந்தால் ஆவி கிளம்பி வார்ப்பைச் சிதைக்கும். ஆறிய பின்னர் மண்ணை உடைத்து உருவை எடுத்து, உளியாலும் அரத்தாலும் செம்மை செய்வர். உருவம் வெளிவர அச்சு அழியவேண்டும். ஆகவே, ஓர் அச்சில் ஓர் உருவமே பிறக்கும். அதனைப்போன்ற இன்னொன்று வேண்டுமெனின், மெழுகிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும்.

பொருள்களின் இயல்பை அறிதல் சிற்பம் செய்வார்க்கு மட்டும் உரிய கல்வியன்று. அதனைப் பேணுவார்க்கும் இன்றியமையாதது. பழைய சுதை உருவத்தின் மேல் நல்லெண்ணத்தோடு சிமெண்டைப் பூசுவோர் உளர். சுண்ணாம்பு ஈரத்தை ஏற்று மீண்டும் வெளிவிடும் இயல்புடையது. சிமெண்டோ அதனை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் அடியிலுள்ள சுதையை உதிரச் செய்யும். கல் தூணிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவதற்காக மணலை விசையோடு வீசித் துப்புரவு செய்வதும் தீங்கே. அழுக்கோடு கல்வெட்டின் எழுத்தும், சிற்பத்தின் நுண்ணிய கோடும் தேய்ந்துபோகும். ஆயிரத்திருநூறு ஆண்டு வெயிலும் மழையும் செய்யாத அழிவை அறியாமை ஒரே நாளில் செய்துவிடக் கூடும்.

கல்லைப் பொறுத்தவரை சிற்பிக்கு விதிக்கப்பட்ட கட்டளை ஒன்று உண்டு. நீக்கியதைத் திரும்ப வைக்க முடியாது என்பதே அது. அக்கட்டளை அவனுக்கு மட்டுமன்றி நமக்கும் உரியது. இக்கலைகளைக் கற்பிக்க 1957-ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் அரசினர் சிற்பப் பயிற்சி நிலையம் தோன்றியது. அது பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. அங்குச் சென்று பயில்வார் சிலராகவே இருக்கலாம். ஆயினும், கோயிலுக்குச் செல்லும்பொழுது ஒரு தூணின் முன் சிறிது நேரம் நின்று, இது கல்லா, சுதையா, மரமா, வார்ப்பா, எம்முறையில் ஆக்கப்பட்டது என்று எண்ணிப் பார்த்தல் எல்லார்க்கும் இயலும். அங்ஙனம் பார்க்கப் பழகிய கண், சிற்பத்தின் மேல் பெயரைக் கீறுவதையும், ஆணி அடிப்பதையும், சுண்ணாம்பு பூசுவதையும் பொறாது. பேர் அறியாத தச்சர் பலர் நமக்கு விட்டுச்சென்ற செல்வத்திற்கு, அத்தகைய கண்களே சிறந்த காவலாகும்.